வருமான வரம்பைச் சற்றே தாண்டிய குடும்பத்தின் குழந்தைக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டா? 2027க்குப் பிறகு என்ன ஆகும்?

கேள்வி: ஏரிக்கரைப் பள்ளி

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாகப் பணிபுரிகிறேன். பள்ளி வளாகத்திலேயே அங்கன்வாடி மையமும் இயங்குகிறது. அண்மையில் நடமாடும் மருத்துவக் குழு வந்து குழந்தைகளைப் பரிசோதித்தபோது, நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த மருத்துவர், வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகளைச் சற்று இருக்கச் சொல்லிவிட்டு, அவளை உட்காரவைத்தும் படுக்கவைத்தும் மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்தார். பிறகு எடுத்த எக்கோ என்னும் இதய ஸ்கேனில், இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் துளை இருப்பது உறுதியாயிற்று. இன்றே ஓட வேண்டிய அவசரம் இல்லை என்றாலும், ஒன்றாம் வகுப்பில் சேர்வதற்குள் அதை மூடிவிடுவது நல்லது என்று இதய மருத்துவர் கூறியிருக்கிறார்.

அவளுடைய தந்தை லாரி ஓட்டுநர். மாதம் 13,000 ரூபாய் சம்பளம் வாங்குவதால், கிராம நிர்வாக அலுவலர் ஆண்டு வருமானம் 1,56,000 ரூபாய் என்று சான்று எழுதிக் கொடுத்தார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பு 1,20,000 ரூபாய் என்பதால், கலெக்டர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் அட்டை வழங்க இயலாது என்று சொல்லிவிட்டார்கள். தனியார் மருத்துவமனை ஒன்றில் விசாரித்தபோது இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். சம்பளத்தைக் குறைத்துச் சொல்லி வேறொரு சான்று வாங்கிக்கொள்ளும்படி ஊரில் பலரும் அறிவுரை கூறுகிறார்கள். அந்தத் தந்தைக்கு அதில் விருப்பமில்லை, எனக்கும் இல்லை.

நான் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். முதலாவது, பொய்ச் சான்று இல்லாமல் இந்தக் குழந்தைக்குச் சிகிச்சை பெற நேரான வழி ஏதும் உண்டா? இரண்டாவது, இந்தத் திட்டத்துக்காகக் காப்பீட்டு நிறுவனத்தோடு அரசு செய்திருக்கும் இப்போதைய ஒப்பந்தம் 2027 ஜனவரி 10ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்கும்போது, பெற்றோரின் வருமானத்தைப் பாராமல் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறதா? இவளைப் போல இன்னும் எத்தனை பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் நூலிழையில் வெளியே நிற்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் ஆறவில்லை. துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: காப்பீட்டு கவுண்டர்

அம்மா, வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் இந்தத் திட்டத்தின் வார்டு மேலாளராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இரண்டாவதை விவரம் அறிந்த பிறர் எழுதுவார்கள்.

சான்றைத் திருத்த வேண்டாம் என்று நீங்கள் எடுத்த முடிவு சரியானது. அறத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி கேட்டு அனுப்பிய பிறகு ஆவணங்களில் முரண்பாடு தெரிந்தால், கோப்பு திரும்பி வந்து அறுவைச் சிகிச்சைக்குக் குறித்த நாள் தவறிப்போகும். அதைவிட நல்ல வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்தக் குழந்தையைக் கண்டுபிடித்தது நடமாடும் மருத்துவக் குழு அல்லவா? அந்தக் குழு, ஆர்.பி.எஸ்.கே. என்று நாங்கள் சொல்லும் தேசியச் சிறார் நலத் திட்டத்தைச் சேர்ந்தது. 2013இல் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் தொடங்கப்பட்ட அந்தத் திட்டம், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் பிறவிக் குறைபாடுகளையும் பிற நோய்களையும் கண்டறிந்து, தேவையான சிகிச்சையை இலவசமாகப் பெற்றுத் தர வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்டது. பிறவி இதயக் குறைபாடு அதன் பட்டியலில் இருக்கிறது. குடும்ப வருமானம் என்ற நிபந்தனை அதில் கிடையாது. தமிழ்நாட்டில் இப்படிக் கண்டறியப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காப்பீட்டு அட்டை இருப்பதால், செலவை அட்டையின் வழியாகவே முடித்துவிடுகிறார்கள். அதனால் அட்டை இல்லாதவர்களுக்கு வழியே இல்லை என்ற எண்ணம் கீழ்மட்ட ஊழியர்களிடையேகூடப் பரவியிருக்கிறது.

ஆகவே முதல் வேலையாக, அந்தக் குழுவின் மருத்துவர் எழுதிய பரிந்துரைச் சீட்டைத் தேடி எடுங்கள். குழந்தையையும் சீட்டையும் எக்கோ அறிக்கையையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பெற்றோர் செல்ல வேண்டும். அதன் ஆங்கிலச் சுருக்கத்தைச் சொல்லி ‘டி.இ.ஐ.சி. எங்கே?’ என்று கேட்டால் அரசு மருத்துவமனையில் யாரும் வழிகாட்டுவார்கள். அங்கே பெயர் பதிவாகிவிட்டால், எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது, செலவை எந்தக் கணக்கில் எடுப்பது என்பதெல்லாம் அவர்களுடைய பொறுப்பாகிவிடும். வாய்மொழியாக ‘அட்டை கொண்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினால், வருமான வரம்பால் அட்டை மறுக்கப்பட்டது என்று எழுதி, மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு மனு கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற அட்டை கட்டாயமில்லை. அட்டை இருந்தால் அந்த மருத்துவமனைக்குக் காப்பீட்டுத் தொகை வரும்; இல்லையென்றாலும் நோயாளியிடம் கட்டணம் கேட்க மாட்டார்கள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் எந்தப் பெற்றோரிடமும் வருமானம் கேட்டுவிட்டுப் புறநோயாளிச் சீட்டு கொடுப்பதில்லை. துளையை மூடுவதற்கான கருவி போன்ற விலையுயர்ந்த பொருள்கள் தேவைப்படும்போதுதான் எந்த நிதியிலிருந்து வாங்குவது என்ற கேள்வி எழும். அதற்குத்தான் மேலே சொன்ன பதிவு உதவும்.

குழந்தையின் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் நான் கண்ட தாமதங்களில் பாதிக்கு மேல் நோயின் சிக்கலால் வந்தவை அல்ல. பிறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் வேறோர் எழுத்து, ரேஷன் கார்டில் பெயரே இல்லை என்ற நிலையில், காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் இ-சேவை மையத்துக்கு அலைவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஆதாரில் கைரேகை இருக்காது. ஐந்து வயதானதும் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, ஏழு எட்டு வயதில் மருத்துவமனைக்கு வரும்போது தெரிந்துகொள்ளும் பெற்றோர் ஏராளம். தலைமையாசிரியை என்ற முறையில், பள்ளிச் சேர்க்கையின்போதே இந்த மூன்று ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களானால் பலருக்கு உதவியாக இருக்கும்.

பதில்: மலையடிவாரம்

நான் அரசுப் பணியிலுள்ள குழந்தைகள் நல மருத்துவர். மேலே எழுதியவர் சொன்ன வழி சரியானது, அதையே பின்பற்றுங்கள். இரண்டாவது கேள்வியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் வருமான வரம்பு ஒன்றுதான் குறை என்று நினைத்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு தொடங்கியதே குழந்தைகளை முன்னிட்டுத்தான் என்பது பலருக்கும் மறந்துவிட்டது. 2008இல் இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான இதய அறுவைச் சிகிச்சையைத் தனியார் மருத்துவமனையில் அரசு செலவில் செய்யலாம் என்று அப்போது முடிவாயிற்று. மறு ஆண்டு, 2009 ஜூலையில், கலைஞர் காப்பீட்டுத் திட்டம் எல்லா வயதினருக்குமாக வந்தது. 2012 ஜனவரியில் அது இப்போதைய பெயரோடு மாற்றி அமைக்கப்பட்டது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கும், இல்லங்களில் வளரும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் வருமான வரம்பின்றி இடமளித்தது இந்தத் திட்டத்தின் சிறப்புகளில் ஒன்று. இவற்றையெல்லாம் நான் குறைத்து மதிப்பிடவில்லை. பிறவி இதயக் குறைபாடு ஆயிரம் குழந்தைகளில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இருக்கிறது. என் பயிற்சிக் காலத்தில் பணமில்லாமல் வீட்டுக்குத் திரும்பிப் போன பிள்ளைகளை எனக்கு நினைவிருக்கிறது. இன்று அப்படித் திரும்பிப் போகும் பிள்ளைகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

ஆனால் திட்டத்தின் கட்டமைப்பு, படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்று வீடு திரும்பும் நோயாளியை மனத்தில் வைத்து உருவானது. 1,090 சிகிச்சை முறைகள் பட்டியலில் இருக்கின்றன. அவற்றோடு 52 பரிசோதனைகளும் 8 தொடர் சிகிச்சைகளும் உள்ளன. அந்த எட்டு என்ற எண்ணைப் பாருங்கள். குழந்தைகளின் நீண்டகால நோய்கள் பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கைக்கு வெளியே நிகழ்கின்றன. முதல் வகை நீரிழிவுள்ள எட்டு வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை இன்சுலின் போட வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் விரல் நுனியில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும். சர்க்கரை பார்க்கும் பட்டைகளை மாதந்தோறும் பெற்றோர்தான் கடையில் வாங்குகிறார்கள். கையில் காசு குறையும் மாதத்தில் பரிசோதனையைக் குறைத்துக்கொள்கிறார்கள், சர்க்கரை எகிறி நினைவிழந்து அவசரப் பிரிவுக்கு வந்தால் அந்தச் செலவைக் காப்பீடு கொடுக்கிறது. பட்டைக்குக் கொடுக்காத பணத்தைப் பத்து மடங்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தலசீமியா என்ற பிறவி இரத்த நோயுள்ள பிள்ளைகளின் நிலையும் இப்படித்தான். எங்கள் பகுதியின் மலைக் கிராமங்களிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ள வருகிறார்கள். இரத்தத்துக்குக் கட்டணம் இல்லை. அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்றும் மாத்திரையும் கையிருப்பு உள்ளவரை கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வருகைக்கும் தாய்க்கு ஒரு நாள் கூலியும் இரண்டு பேருக்குப் பேருந்துக் கட்டணமும் போகிறது. எந்தக் காப்பீட்டு அட்டையிலும் அதற்குக் கணக்கு இல்லை.

கண்டறிவதிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. ஆறு வயது வரை அங்கன்வாடியிலும், அதற்குப் பிறகு அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் நடமாடும் குழு பரிசோதிக்கிறது. மாதக் கட்டணம் சில நூறு ரூபாய் வாங்கும் சிறிய தனியார் பள்ளியில் படிக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளை இந்த வலையில் விழுவதில்லை. கேரளத்தில் 2017 முதல் நடந்துவரும் ‘ஹிருத்யம்’ என்ற ஏற்பாட்டில், இதயக் குறைபாடு கண்ட குழந்தையை உடனே இணையப் பதிவேட்டில் ஏற்றி, எவ்வளவு அவசரம் என்று தரம் பிரித்து, எந்த மருத்துவமனை என்று முடிவு செய்கிறார்கள். பெற்றோர் ஒவ்வொரு வாசலாகத் தட்ட வேண்டியதில்லை. இங்கே கண்டுபிடிக்கும் குழு ஒரு திட்டம், பணம் கொடுக்கும் அட்டை இன்னொரு திட்டம். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை ஒரு தலைமையாசிரியை தன் சொந்த முயற்சியால் கடக்க வேண்டியிருக்கிறது.

பதில்: செவிவழி

மருத்துவர் எழுதிய எட்டுத் தொடர் சிகிச்சைகளைப் பற்றிய வரியைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இந்தத் திட்டத்தில்தான், உள்காதில் பொருத்திக் கேட்கவைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்தினோம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த அறுவைச் சிகிச்சையும் கருவியும் அதன்பின் பேச்சுப் பயிற்சியும் சேர்த்துப் பல லட்சம் ரூபாய் ஆகும். எங்களிடமிருந்து ஒரு ரூபாய் வாங்கவில்லை. உறுப்பு மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கென்று அரசு வைத்திருக்கும் தொகுப்பு நிதியிலிருந்து அந்தப் பணம் வந்தது. அரசு மருத்துவமனைகள் காப்பீட்டில் ஈட்டும் தொகையில் ஒரு பங்குதான் அந்த நிதியில் சேருகிறது என்று பின்னர் அறிந்தேன். ‘அம்மா’ என்று அவள் சொன்ன நாளை நாங்கள் மறக்க முடியாது. அதற்காக இந்தத் திட்டத்துக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்தக் கருவியின் வெளிப்பகுதி காதுக்குப் பின்னால் மாட்டியிருப்பது. ஓடி விளையாடும் பிள்ளையின் வியர்வையும் தூசியும் அதில் படும். தலையில் ஒட்டும் சுருளையும் கருவியையும் இணைக்கும் மெல்லிய கம்பி அடிக்கடி அறுந்துபோகும், மின்கலம் தேய்ந்துபோகும். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு ஒவ்வொன்றையும் நாங்கள்தான் வாங்குகிறோம். ஒரு கம்பியின் விலை என் கணவரின் ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல் வருகிறது. கம்பி வரும் வரை அவளுக்கு ஒன்றுமே கேட்காது. அந்த நாட்களில் பள்ளிக்கு அனுப்பினாலும் பயனில்லை, வீட்டில் வைத்திருந்தாலும் பயிற்சி கெட்டுவிடும். லட்சக்கணக்கில் செலவு செய்து கொடுத்த கேட்கும் திறனைச் சில ஆயிரம் ரூபாய் இல்லாததால் வாரக்கணக்கில் அணைத்து வைத்திருப்பது எங்களைப் போன்ற எல்லாப் பெற்றோருக்கும் பழகிப்போன வேதனை. புதிய ஒப்பந்தத்தில் உதிரிபாகங்களுக்கும் பழுது நீக்கத்துக்கும் ஒரு தொகையை, குறைந்தது பத்தாம் வகுப்பு முடிக்கும் வரையிலாவது, சேர்க்க வேண்டும்.

பதில்: அட்லாண்டிக் கரை

அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். இங்கே குழந்தைகளுக்கான பொதுக் காப்பீடு வந்த விதம் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டம் இங்கே 1965 முதல் இருக்கிறது. ஆனால் உங்கள் லாரி ஓட்டுநரைப் போல, அதன் வரம்பைச் சற்றே தாண்டியும் தனியார் காப்பீடு வாங்க இயலாமலும் இருந்த பெற்றோரின் பிள்ளைகள் வெளியே நின்றார்கள். அவர்களுக்கென்றே 1997இல் ‘சிப்’ என்ற தனித் திட்டத்தை இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றினார்கள். பெற்றோருக்கு ஒரு வரம்பு, பிள்ளைக்கு அதைவிட உயர்ந்த வரம்பு என்பதுதான் அதன் அடிப்படை. அன்று நூற்றுக்கு ஏறத்தாழப் பதினான்கு குழந்தைகளுக்குக் காப்பீடு இல்லாதிருந்தது. 2016இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தாக இறங்கியது. பெரியவர்களின் வருமானத்தைப் பற்றிய சச்சரவு முடியும் வரை காத்திராமல் குழந்தைகளைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டதே அந்த வெற்றிக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, காலவரம்புள்ள நிதியைப் பற்றியது. 2017 செப்டம்பர் 30இல் சிப் திட்டத்தின் நிதி அனுமதி காலாவதியானது. நாடாளுமன்றம் நான்கு மாதம் இழுத்தடித்தது. சில மாநிலங்கள் ‘உங்கள் பிள்ளையின் காப்பீடு நிற்கக்கூடும்’ என்று பெற்றோருக்குக் கடிதமே அனுப்பிவிட்டன. 2018 ஜனவரியில்தான் புதுப்பித்தார்கள். இப்போது 2029 வரை நிதி இருக்கிறது. ஒப்பந்தம் முடியும் நாளுக்கு வெகு முன்பே முடிவை அறிவிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் நீங்கள் வலியுறுத்த வேண்டியதற்கு இது போதுமான காரணம்.

மற்றொன்று காகிதங்களைப் பற்றியது. கொரோனா காலத்தில் யாரையும் நீக்கக் கூடாது என்றிருந்த விதி 2023 மார்ச்சோடு முடிந்ததும், மாநிலங்கள் எல்லோருடைய தகுதியையும் மறுபரிசீலனை செய்யத் தொடங்கின. பல லட்சம் குழந்தைகள் வெளியேற்றப்பட்டார்கள். அப்போது பெரியவர்களும் சிறியவர்களுமாக நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர், தகுதியில்லை என்று முடிவானதால் நீக்கப்பட்டவர்கள் அல்லர். கடிதம் பழைய முகவரிக்குப் போனது, படிவம் திரும்பி வரவில்லை என்பன போன்ற காரணங்களால் விடுபட்டவர்கள். இதற்கு மாற்றாக, ஒரு முறை சேர்த்த குழந்தையைப் பன்னிரண்டு மாதத்துக்கு, பெற்றோரின் வருமானம் இடையில் மாறினாலும், நீக்கக் கூடாது என்ற விதி 2024 ஜனவரி முதல் நாடு முழுவதும் கட்டாயமாகியிருக்கிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் மெடிக்கெய்ட் செலவைப் பெருமளவு குறைக்கிறது; பெரியவர்களில் ஒரு பிரிவினருக்கு வேலை நிபந்தனை விதிக்கிறது. குழந்தைகளுக்கு அந்த நிபந்தனை இல்லை. இருந்தாலும் பெற்றோரின் காப்பீடு போகும் வீட்டில் பிள்ளையின் காப்பீடும் கவனிப்பாரற்று விட்டுப்போவதை இங்கே பலமுறை கண்டிருக்கிறோம். அதனால் வரும் ஆண்டுகளைப் பற்றி எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

பதில்: வரவு செலவு

அரசு நிதிநிலை அறிக்கைகளைத் தொழில்முறையாகப் படிப்பவன் என்பதால், பணக் கணக்கை மட்டும் சொல்கிறேன். 2022 ஜனவரியில் தொடங்கிய இப்போதைய ஐந்தாண்டு ஒப்பந்தத்தில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாயைப் பிரீமியமாக அரசு செலுத்த ஒப்புக்கொண்டது. அப்போது கணக்கில் இருந்தவை ஏறத்தாழ 1 கோடியே 37 லட்சம் குடும்பங்கள். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் அளவில் வருகிறது. அந்தச் சமயத்தில்தான் 72,000 ரூபாயாக இருந்த வருமான வரம்பும் 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. மாதம் பத்தாயிரம் ரூபாய். கணவனும் மனைவியும் சேர்ந்து உழைக்கும் எந்த வீட்டிலும், நாள்தோறும் வேலை கிடைத்தால், உண்மையான வருமானம் இதைத் தாண்டிவிடும் என்பது சான்று எழுதும் அலுவலருக்கும் தெரியும். இந்த வரம்பு நேர்மையாகச் சம்பளத்தைச் சொல்பவரை வெளியே நிறுத்திவிட்டு, குறைத்துச் சொல்பவரை உள்ளே விடுகிறது. சம்பளச் சீட்டு இல்லாத தொழிலாளிக்குக் கிடைப்பது, சம்பளச் சீட்டு இருக்கும் ஓட்டுநருக்குக் கிடைக்காமல் போகிறது.

வயதை மட்டும் அடிப்படையாகக் கொண்டு வருமானம் பாராமல் காப்பீடு கொடுப்பது நம் நாட்டுக்குப் புதியதும் அல்ல. 2024 அக்டோபரில், 70 வயது நிறைந்த எல்லோருக்கும், அவர்கள் எவ்வளவு வசதியானவர்களாக இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீடு உண்டு என்று மத்திய அரசு அறிவித்தது. முதியவருக்கு வயதே போதுமான தகுதி என்றால், குழந்தைக்கு ஏன் அது போதாது? முதியவர்களைவிடக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்வது மிகக் குறைவு. எனவே ஒரு குழந்தையைச் சேர்ப்பதற்கான செலவு ஒரு முதியவரைச் சேர்ப்பதைவிடக் கட்டாயம் குறைவாகவே இருக்கும். பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சை மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

எல்லோருக்கும் இலவசம் என்பதை நிதித்துறை ஏற்கத் தயங்கினால், இடைப்பட்ட ஒரு வழியும் உண்டு. ராஜஸ்தான் 2021இல், தகுதிப் பட்டியலில் இல்லாத குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டிச் சேரலாம் என்று வைத்தது. அதையே தமிழ்நாட்டில், வரம்புக்கு மேலுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டும் வைக்கலாம். இப்போதே இந்தத் திட்டத்தில் பிள்ளைகள் 25 வயது வரை, வேலைக்குப் போகாமலும் திருமணமாகாமலும் இருந்தால், குடும்ப உறுப்பினராகக் கருதப்படுகிறார்கள். அந்த வரையறையை 18 வயதோடு நிறுத்தி ஒரு தனிப் பிரிவை உருவாக்குவது நிர்வாகத்துக்குக் கடினமான காரியம் அல்ல. ஆனால் மருத்துவர் சொன்ன புறநோயாளிச் செலவுகளைக் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரைப் பட்டையும் கருவிக் கம்பியும் ஒவ்வொரு மாதமும் நிச்சயமாகத் தேவைப்படுபவை. நிச்சயமான செலவுக்குப் பிரீமியம் கட்டினால் இடையில் நிறுவனத்தின் இலாபம்தான் கூடும். அவற்றை, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்ட மையங்களில் நேரடியாகக் கொடுப்பதே சிக்கனம்.

பதில்: மலையடிவாரம்

‘வரவு செலவு’ சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மருந்துக் கொள்முதலில் அந்தக் கழகத்துக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. பட்டைகளையும் கம்பிகளையும் அதன் பட்டியலில் சேர்த்தால், காப்பீட்டு ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கவே வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: அவை மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடாமல் வட்டார ஆரம்ப சுகாதார நிலையம் வரை வர வேண்டும். இல்லையென்றால் நான் மேலே சொன்ன பேருந்துக் கட்டணம் அப்படியே இருக்கும்.

கேள்வி கேட்டவர்: ஏரிக்கரைப் பள்ளி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பரிந்துரைச் சீட்டு அங்கன்வாடிப் பணியாளரிடம் பத்திரமாக இருக்கிறது. இந்த வாரம் பெற்றோரை மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறேன். நானும் உடன் செல்வேன். எங்கள் ஒன்றியத் தலைமையாசிரியர் கூட்டத்தில் ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். அதில் எவற்றைக் கேட்பது, யாருக்கு அனுப்புவது என்று சொல்ல முடியுமா?

பதில்: காப்பீட்டு கவுண்டர்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கும், தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் திட்ட இயக்குநருக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள். காப்பீட்டுத் திட்டத்தை நடத்துவது அந்த இயக்குநரின் அலுவலகம்தான். மாவட்ட ஆட்சியருக்கு ஒரு நகல் கொடுங்கள். பொதுவாக ‘ஏழைக் குழந்தைகளுக்கு உதவ வேண்டும்’ என்று எழுதினால் கோப்பில் சேர்த்துவிடுவார்கள். புதிய ஒப்பந்தப் புள்ளி ஆவணத்தில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வருமான வரம்பை நீக்கும் ஒரு பிரிவு வேண்டும் என்றும், நடமாடும் குழுவின் பரிந்துரைச் சீட்டையே முன் அனுமதிக்கான தகுதி ஆவணமாக ஏற்க வேண்டும் என்றும், இரண்டை மட்டும் தெளிவாகக் கேளுங்கள். உங்கள் ஒன்றியத்தில் இந்தக் கல்வியாண்டில் வருமான வரம்பால் அட்டை மறுக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன நோய் என்று, பெயர்களை விட்டுவிட்டு ஓர் அட்டவணை இணைத்துவிடுங்கள். ஒப்பந்தப் புள்ளி கோருவது காலாவதிக்குச் சில மாதங்கள் முன்பே நடக்கும். அது வெளியான பிறகு விதிகளை மாற்றுவது கடினம் என்பதால், மனு அதற்கு முன்னதாகப் போய்ச் சேர வேண்டும்.